பனிக்கடலில் 22 அடிப் படகு

கன்னியாகுமரிக் கடற்கரையில் தெற்கு நோக்கி நின்றால், கண்ணுக்குத் தெரிவது கடல் ஒன்றுதான். அந்தக் கடலுக்கு அப்பால் என்ன இருக்கிறது?

மறுபடியும் கடல்தான்!

ஒருவர் குமரியில் கப்பல் ஏறி, இடமோ வலமோ திரும்பாமல், நூல் பிடித்தாற்போலத் தெற்கே போனால், பூமத்திய ரேகையைத் தாண்டி வெகு தொலைவில் ஆம்ஸ்டர்டாம், செயிண்ட் பால் என்ற இரண்டு சின்னஞ்சிறு தீவுகளை மட்டுமே காண்பார். பிறகு மீண்டும் வெறும் கடல். சுமார் 8,500 கிலோ மீட்டர் போன பிறகு, வெள்ளை வெளேர் என்று ஒரு கரை தென்படும். அதுதான் தென் துருவக் கண்டமான அண்டார்டிகா. குமரிக்கு ஏறக்குறைய நேர் தெற்கே, அந்தப் பனிக்கரையில், இந்தியாவின் 'பாரதி' ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது 2012-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

இன்று அங்கே போகிறவர்களுக்கு இரும்புக் கப்பல் உண்டு. ஹெலிகாப்டர் உண்டு. வீட்டாரோடு பேச வசதியும் உண்டு.

1916-ஆம் ஆண்டில் இவை எதுவுமே இல்லை. அந்த ஆண்டு, அதே கண்டத்தின் இன்னொரு பக்கத்தில், 28 பேர் மூன்று சிறு படகுகளில் பனிக்கட்டிகளுக்கு நடுவே தவித்தார்கள். அவர்கள் இருக்கும் இடம் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தேடி வருவாரும் இல்லை.

அவர்களுடைய தலைவரின் பெயர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன்.

டாக்டர் மகன்

ஷாக்கிள்டன் அயர்லாந்து நாட்டுக்காரர். கில்டேர் வட்டாரத்தில் உள்ள கில்கியா என்ற கிராமத்தில், 1874-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி பிறந்தார். வீட்டில் பத்துக் குழந்தைகள். எட்டுப் பெண்கள், இரண்டே ஆண்கள். தந்தை முதலில் விவசாயம் செய்தார். பிறகு டாக்டருக்குப் படித்து, குடும்பத்தோடு லண்டனுக்குக் குடியேறினார்.

தன்னைப் போல மகனும் டாக்டராக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனின் ஆசையோ கடல்! டல்விச் என்ற இடத்தில் உள்ள பள்ளியில் அவனைச் சேர்த்தார்கள். பாடத்தில் மனம் செல்லவில்லை. 16 வயதில் படிப்பை விட்டுவிட்டு, பாய்மரக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். முதல் பயணமே தென் அமெரிக்காவின் கோடியில் உள்ள ஹார்ன் முனையைச் சுற்றி. மாலுமிகள் நடுங்கும் கடல் அது. அந்தக் கடலில் தொழில் கற்ற பையன், 24 வயதில் எந்தக் கப்பலையும் நடத்தும் தகுதிச் சான்றிதழ் பெற்றுவிட்டார்.

தென் துருவத்தை அதுவரை மனிதர் எவரும் மிதித்ததில்லை. 1901-ஆம் ஆண்டு, ஸ்காட் என்ற கடற்படை அதிகாரி தலைமையில் ஒரு குழு அங்கே புறப்பட்டது. அதில் ஷாக்கிள்டனும் சேர்ந்தார். ஆனால் பாதி வழியில் அவரை ஸ்கர்வி நோய் பிடித்தது. நல்ல காய்கறியும் பழமும் புதிய இறைச்சியும் கிடைக்காதவர்களுக்கு, பல் ஈறில் ரத்தம் வடிந்து உடல் ஓய்ந்துபோகும் நோய் அது. நோயாளி என்று அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அவமானத்தை அவர் மறக்கவே இல்லை.

1907-ஆம் ஆண்டில் தாமே ஒரு குழுவுக்குத் தலைவரானார். 'நிம்ராட்' என்ற பழைய கப்பலில் புறப்பட்டார். 1909-ஆம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி, அவரும் மூன்று தோழர்களும் தென் துருவத்துக்கு வெகு அருகில் போய்விட்டார்கள். மிச்சம் 180 கிலோ மீட்டர்தான். நாகர்கோவிலிலிருந்து விருதுநகர் வரை உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். வேறு எவரும் அதுவரை அவ்வளவு தெற்கே போனதில்லை.

அங்கே நின்று கணக்குப் போட்டார். துருவத்துக்குப் போக உணவு போதும். திரும்பி வரப் போதாது.

திரும்பிவிட்டார்!

வரும் வழியில் பசி வாட்டியது. தமக்குக் கிடைத்த பிஸ்கட்டைத் தோழர் ஃபிராங்க் வைல்டுக்கு வற்புறுத்திக் கொடுத்தார். வைல்டு அதைச் சாகும் வரை மறக்கவில்லை. நால்வரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். இங்கிலாந்து மன்னர் ஷாக்கிள்டனுக்கு 'சர்' பட்டம் கொடுத்தார்.

பிறகு 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி நார்வே நாட்டு அமுண்ட்சன் துருவத்தை மிதித்தார். ஒரு மாதம் கழித்து ஸ்காட்டும் போய்ச் சேர்ந்தார். ஆனால் ஸ்காட்டும் அவருடன் போன நான்கு பேரும் திரும்பும் வழியிலேயே இறந்துபோனார்கள்.

சணலும் படகும்

துருவத்தை வேறொருவர் பிடித்துவிட்டார். இனி என்ன செய்வது? கண்டத்தின் ஒரு கரையில் இறங்கி, துருவம் வழியாகக் குறுக்கே நடந்து, மறு கரையில் ஏறுவது என்று ஷாக்கிள்டன் திட்டமிட்டார்.

அதற்குப் பணம் வேண்டும். பணக்காரர்களின் வாசல்களில் ஏறி இறங்கினார். ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊரில் ஜேம்ஸ் கெயர்டு என்ற சணல் ஆலை முதலாளி இருந்தார். அவர் 24,000 பவுன் கொடுத்தார். டண்டீ ஆலைகளில் ஓடியது வங்காளத்துச் சணல்! நம் நாட்டு விவசாயி சேற்றில் நின்று உரித்த சணல் அந்த முதலாளியைக் கோடீசுவரர் ஆக்கியது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி தென் துருவப் பயணத்துக்குப் போனது. நன்றிக்காக, கப்பலில் இருந்த பெரிய படகுக்கு 'ஜேம்ஸ் கெயர்டு' என்று பெயர் வைத்தார் ஷாக்கிள்டன். இந்தக் கதையில் முக்கியமான படகு அதுதான்.

கப்பலின் பெயர் 'எண்டூரன்ஸ்'. தாங்கும் வலிமை என்று பொருள். 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், முதல் உலகப் போர் மூண்ட அதே வாரத்தில் அது இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. கப்பலையும் ஆட்களையும் போருக்குத் தரத் தயார் என்று ஷாக்கிள்டன் தெரிவித்தார். பயணத்தைத் தொடரும்படி அரசாங்கம் சொல்லிவிட்டது.

டிசம்பர் 5-ந் தேதி, தெற்கு ஜார்ஜியா என்ற தீவை விட்டுக் கப்பல் கிளம்பியது. திமிங்கில வேட்டைக்காரர்கள் வாழ்ந்த தீவு அது. அந்த ஆண்டு பனிக்கட்டி அதிகம் என்று அவர்கள் எச்சரித்திருந்தார்கள்.

எச்சரிக்கை பலித்தது. 1915-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், வெட்டல் கடலில், கரைக்கு ஒரு நாள் பயணம் இருக்கும்போது, கப்பலைச் சுற்றிக் கடல் உறைந்துவிட்டது. முன்னேயும் போக முடியவில்லை. பின்னேயும் போக முடியவில்லை.

பத்து மாதம் கப்பல் பனியோடு பனியாக நகர்ந்தது. பனிக்கட்டி இரண்டு பக்கமும் நெருக்கியது. அக்டோபர் மாதம் கப்பலின் பலகைகள் அழுதுகொண்டே முறிந்தன. அந்த நேரத்தில் எட்டுப் பென்குயின்கள் வரிசையாக நடந்து வந்து, கப்பலைப் பார்த்து விநோதமாகக் கூவினவாம். அதைக் கேட்ட மாலுமிகளுக்கு உடம்பு சிலிர்த்தது.

27-ந் தேதி எல்லோரையும் பனிமேல் இறங்கச் சொன்னார் ஷாக்கிள்டன். ஆளுக்குச் சுமார் ஒரு கிலோ எடையுள்ள பொருள்தான் கொண்டுவரலாம் என்று உத்தரவு. முதலில் தம்முடைய தங்கக் காசுகளைப் பனியில் வீசினார். ஆனால் ஒருவர் வைத்திருந்த பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்தை மட்டும் எடுத்துவரச் சொன்னார். அது ஐந்து கிலோ இருக்கும்! மனம் சோர்ந்தவர்களுக்குப் பாட்டு மருந்து என்பது அவர் எண்ணம்.

கப்பலில் இருந்த பூனையைச் சுட வேண்டியதாயிற்று. அதை வளர்த்தவர் மெக்நீஷ் என்ற தச்சு ஆசாரி. தலைவர்மேல் அவருக்கு உண்டான மனத்தாங்கல் கடைசிவரை தீரவில்லை. பிறகு உணவு குறைந்தபோது, வண்டி இழுத்த நாய்களுக்கும் அதே கதி நேர்ந்தது.

நவம்பர் 21-ந் தேதி எண்டூரன்ஸ் மூழ்கியது.

பனிக்கட்டியின் மேல் குடித்தனம்

கப்பலை விட்டு இறங்கியது முதல் ஐந்து மாதத்துக்கு மேல் 28 பேரும் மிதக்கும் பனிக்கட்டியின் மேல் கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள். காலுக்குக் கீழே ஓர் ஆள் உயரத்துக்குப் பனி. அதற்குக் கீழே ஆழ்கடல்.

உணவு? பென்குயினும் சீல் என்னும் கடல்நாயும்தான். கடல்நாயின் கொழுப்புதான் அடுப்புக்கு விறகு. ஒரு நாள் சிறுத்தைச் சீல் என்ற பெரிய கடல்நாய் ஒன்று தண்ணீரிலிருந்து பாய்ந்து ஒருவரைத் துரத்தியது. வைல்டு துப்பாக்கியால் சுட்டு அவரைக் காப்பாற்றினார். அதன் வயிற்றைக் கிழித்தால், உள்ளே செரிக்காத மீன்கள்! பல மாதத்துக்குப் பிறகு அன்று எல்லோருக்கும் மீன் சாப்பாடு. மீன் இல்லாமல் சோறு இறங்காத குளச்சல்காரர்களுக்கு அந்த மகிழ்ச்சி புரியும்.

1916-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பனிக்கட்டி உடையத் தொடங்கியது. காலடியில் அலையின் அசைவு தெரிந்தது.

ஏப்ரல் 9

அன்று மதியம் சுமார் ஒரு மணி. பனித் திட்டு பிளந்து, நடுவில் தண்ணீர் வாய்க்கால் போலத் திறந்தது. மூன்று படகுகளையும் தண்ணீரில் தள்ளி ஏறினார்கள்.

சுற்றிலும் பனிமலைகள். சில கோயில் கோபுரம் போல உயர்ந்தவை. சில மேசை போலத் தட்டையானவை. அவற்றின் அடியில் கடல் நீலமும் பச்சையுமாக மின்னியது. மேலே வெண்ணிறக் கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாகப் பறந்தன. படகில் இருந்தவர்கள் தலையில் எச்சமும் இட்டன. பனித் திட்டுகளில் கடல்நாய்கள் கொழுகொழு என்று படுத்துக் கிடந்து, இந்த விசித்திர ஜந்துக்கள் யார் என்று பார்ப்பதுபோலத் தலை தூக்கின. படகுக்கு அருகில் கொலைகாரத் திமிங்கிலங்கள் புஸ் என்று நீரைப் பீச்சி அடித்தன. கடல்நாயைப் பனித் திட்டிலிருந்து கவிழ்த்துத் தின்னும் மிருகம் அது. ஒரு படகைக் கவிழ்ப்பது அதற்குப் பெரிய காரியமா?

இன்று பெரும் பணம் கொடுத்து, ரப்பர்ப் படகில் ஏறி, இதே காட்சிகளைப் பார்க்க ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் அண்டார்டிகா போகிறார்கள். மாலையில் கப்பலுக்குத் திரும்பிச் சூடாகக் காபி குடிக்கிறார்கள். இந்த 28 பேருக்குத் திரும்புவதற்குக் கப்பல் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் இரைச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தால், பனிக்கட்டிகளைச் சுமந்துகொண்டு ஒரு நீரோட்டம் வெள்ளம் போலப் படகுகளைத் துரத்தி வந்தது! உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டார்கள். கால் மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகுதான் தப்பினார்கள்.

இரவு ஒரு பெரிய பனித் திட்டில் படகுகளை ஏற்றிக் கூடாரம் போட்டார்கள். ஷாக்கிள்டனுக்கு ஏனோ தூக்கம் வரவில்லை. இரவு 11 மணி இருக்கும். எழுந்து வெளியே நடந்தார். அந்த நேரத்தில் அலை ஒன்று திட்டை உயர்த்தியது. மாலுமிகள் படுத்திருந்த கூடாரத்துக்கு நேர் கீழே பனி பிளந்தது!

பிளவுக்குள் ஏதோ துடித்தது. உறங்கும் பையோடு ஒரு மனிதர்! ஷாக்கிள்டன் குப்புற விழுந்து, பையைப் பற்றி, ஒரே இழுப்பில் ஆளை மேலே போட்டார். சில விநாடிகளில் பிளவின் இரண்டு விளிம்புகளும் மோதி மூடிக்கொண்டன.

தப்பியவர் பெயர் ஹோல்னெஸ். மாற்றுத் துணி கிடையாது. நனைந்த உடையோடு உட்கார்ந்தால் விறைத்துப்போவார். விடியும் வரை தோழர்கள் மாறி மாறி அவரை நடக்க வைத்தார்கள். நடக்கும்போது அவர் சட்டையில் உறைந்த பனி கண்ணாடி போலக் கலகலத்தது. அவருக்கோ உயிர் தப்பியதைவிட, புகையிலை தண்ணீரில் போனதுதான் பெரிய வருத்தம்!

அதோடு முடியவில்லை. பிளவு மறுபடியும் அகன்றது. எல்லோரையும் ஒரு பக்கம் அனுப்பிவிட்டு ஷாக்கிள்டன் கடைசியாக நின்றார். அவர் நின்ற துண்டு விலகி இருட்டில் மிதந்து போய்விட்டது. ஒரு படகை இறக்கித் தேடிப் போய் அவரை மீட்டு வந்தார்கள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் இதே பாடு. மூன்று நாள் துடுப்புப் போட்ட பிறகு, ஏப்ரல் 12-ந் தேதி வெயில் அடித்தது. கப்பல் தலைவர் வோர்ஸ்லி, சூரியனின் உயரத்தை அளக்கும் கருவியை எடுத்து, இருக்கும் இடத்தைக் கணக்கிட்டார். அவர் முகம் வெளுத்தது. புறப்பட்ட இடத்தைவிடப் பின்னால் போயிருந்தார்கள்! நீரோட்டம் அவர்களைத் திருப்பி இழுத்துக்கொண்டு போயிருந்தது. எவ்வளவு தூரம் என்பதை ஷாக்கிள்டன் ஆட்களிடம் சொல்லவில்லை. எதிர்பார்த்த அளவு முன்னேறவில்லை என்று மட்டும் சொல்லி, திசையை மாற்றினார்.

பனிக்கட்டியை விட்டு வெளியே வந்ததும் புதிய தொல்லை. உருக்கிக் குடிக்கப் பனி இல்லை. தாகத்தால் நாக்கு வீங்கியது. பச்சைக் கடல்நாய் இறைச்சியை மென்று, அதன் ரத்தத்தால் தொண்டையை நனைத்துக்கொண்டார்கள். ஒருவர் கையுறை தொலைந்தபோது, ஷாக்கிள்டன் தம் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். குளிரில் அவருடைய விரல் மரத்துப்போனது.

ஏப்ரல் 15-ந் தேதி யானைத் தீவில் கால் வைத்தார்கள். அங்கே யானை ஏது? யானை போல மூக்குப் பருத்த கடல்நாய்கள் உண்டு. அதனால் அந்தப் பெயர். 497 நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவர்கள் காலில் மண் பட்டது. சிலர் கூழாங்கற்களை அள்ளி விரல்களுக்கு நடுவே ஓடவிட்டுச் சிரித்தார்கள்.

யார் போவது? யார் இருப்பது?

யானைத் தீவுப் பக்கம் எந்தக் கப்பலும் வராது. குளிர்காலம் தொடங்கிவிட்டது. உதவி வேண்டுமானால் யாராவது போய்த்தான் கேட்க வேண்டும். காற்றடிக்கும் திசையில் மனிதர் இருந்த இடம் தெற்கு ஜார்ஜியா. தூரம் சுமார் 1,500 கிலோ மீட்டர். கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்புகிற தூரம்!

இருந்த படகோ இருபத்திரண்டரை அடி நீளம். குளச்சலிலும் முட்டத்திலும் கரையில் கிடக்கும் வள்ளங்களில் அதைவிட நீளமானவை உண்டு. நம் பக்கத்தில் ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது கடல் கொந்தளிப்பதை மீனவர்கள் அறிவார்கள். அங்கே கச்சானுக்கு ஓய்வே கிடையாது. தடுக்க நிலம் இல்லாததால், மேற்குக் காற்று உலகத்தையே சுற்றிச் சுற்றி வீசுகிறது. அலை சில சமயம் ஐம்பது அடிக்கு மேலும் எழும்.

மெக்நீஷ் ஆசாரி வேலையைத் தொடங்கினார். படகின் பக்கங்களை உயர்த்தினார். சறுக்கு வண்டியின் கட்டைகளையும் பெட்டிப் பலகைகளையும் அடித்து, மேலே கித்தான் போர்த்தி, மூடி போலத் தளம் அமைத்தார். ஒழுகும் இடங்களை விளக்குத் திரியாலும், ஓவியர் கொண்டுவந்த வர்ணத்தாலும், கடல்நாய் ரத்தத்தாலும் அடைத்தார். கவிழாமல் இருக்கக் கல் மூட்டைகளை அடியில் போட்டார்கள்.

ஆறு பேர் போவது என்று முடிவாயிற்று. ஷாக்கிள்டன், வோர்ஸ்லி, கிரீன், மெக்நீஷ், வின்சென்ட், மெக்கார்த்தி. மற்ற 22 பேருக்கும் வைல்டு தலைவர். உணவு ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் போய்ச் சேராவிட்டால், பிறகு உணவு இருந்து என்ன பயன்?

ஏப்ரல் 24-ந் தேதி படகு கிளம்பியது. 16 நாள் பயணம். உள்ளே நிமிர்ந்து உட்கார இடமில்லை. கல் மூட்டைகளின் மேல் ஊர்ந்து போக வேண்டும். உறங்கும் பையின் மான் ரோமம் உதிர்ந்து சோற்றிலும் வாயிலும் ஒட்டியது. இருவர் காலுக்கு நடுவே அடுப்பைப் பிடித்துக்கொண்டு சமைத்தார்கள். ஒரு நாள் படகின் மேல் பனி கனமாக உறைந்து, பாரம் தாங்காமல் படகு தாழ்ந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் வழுக்கும் தளத்தில் தவழ்ந்து, கோடரியால் பனியைக் கொத்தி எறிந்தார்கள்.

ஷாக்கிள்டன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். யாராவது ஒருவர் அளவுக்கு மீறி நடுங்குவது தெரிந்தால், எல்லோருக்கும் உடனே சூடாகப் பால் கொடுக்கச் சொல்வார். அந்த ஒருவருக்கு மட்டும் கொடுத்தால், தம்மைப் பலவீனன் என்று நினைத்து அவர் மனம் ஒடிந்துவிடும் அல்லவா?

வழி கண்டுபிடிப்பது வோர்ஸ்லியின் பொறுப்பு. 16 நாளில் நான்கே முறைதான் சூரியன் முகம் காட்டியது. துள்ளும் படகில் இருவர் அவரைப் பிடித்துக்கொள்ள, அவர் அளந்தார். கணக்கு ஒரு முடி தவறினால் தீவைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டினால் எதிர்க் காற்றில் திரும்ப வழியில்லை.

கணக்குத் தவறவில்லை! மே 10-ந் தேதி, புயலோடு போராடி, தெற்கு ஜார்ஜியாவில் கரை ஏறினார்கள். அன்று இரவு ஒரு குகையில் தூங்கினார்கள். பிறகு ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சுகளைச் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

ஐந்து நிமிடத் தூக்கம்

ஆனால் இறங்கியது தீவின் தவறான பக்கம். ஆட்கள் இருப்பது மறு பக்கம். நடுவில் எவரும் கடந்திராத பனி மலைகள். வின்சென்டும் மெக்நீஷும் நடக்கும் நிலையில் இல்லை. அவர்களை மெக்கார்த்தியின் பொறுப்பில் விட்டுவிட்டு, மற்ற மூவரும் மே 19-ந் தேதி விடியுமுன் கிளம்பினார்கள். வழுக்காமல் இருக்கப் படகின் திருகாணிகளைக் கழற்றிச் செருப்படியில் முடுக்கிக்கொண்டார்கள்.

36 மணி நேரம் நடை. ஒரு சரிவில் இருட்டு சூழ்ந்தது. அங்கேயே நின்றால் விறைத்துச் சாக வேண்டியதுதான். கயிற்றைச் சுருட்டிப் பாயாகப் போட்டு, ஒருவர் பின் ஒருவராகக் கட்டிப் பிடித்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சறுக்கினார்கள். உயிரோடு கீழே சேர்ந்ததும் மூவரும் குழந்தைகள் போலச் சிரித்துவிட்டார்கள்.

பிறகு ஓர் இடத்தில் ஓய்வுக்கு உட்கார்ந்தபோது, மற்ற இருவரும் உடனே தூங்கிவிட்டார்கள். தாமும் தூங்கினால் மூவரும் எழவே மாட்டார்கள் என்று ஷாக்கிள்டனுக்குத் தெரியும். ஐந்து நிமிடம் விட்டு எழுப்பினார். அரை மணி நேரம் தூங்கியாயிற்று என்று பொய் சொன்னார். அவர்களும் நம்பி, தெம்போடு நடந்தார்கள். பொய்யும் சில நேரம் உயிர் காக்கிறது!

20-ந் தேதி காலை, திமிங்கில ஆலையின் சங்கு ஊதும் ஓசை தூரத்தில் கேட்டது. ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு காதில் விழுந்த வெளி மனிதரின் முதல் ஓசை. மாலையில் ஸ்டிரோம்னெஸ் என்ற குடியிருப்பை அடைந்தார்கள். புகை படிந்த கறுத்த முகமும், சடை பிடித்த தாடியும் கண்டு இரண்டு சிறுவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். முன்பு அவர்களுக்கு விருந்து வைத்த மேலாளருக்கே அவர்களை அடையாளம் தெரியவில்லை.

மறு பக்கத்தில் இருந்த மூவரையும் அழைத்து வர வோர்ஸ்லி படகில் போனார். இப்போது அந்த மூவருக்கும் வோர்ஸ்லியை அடையாளம் தெரியவில்லை. காரணம், அவர் குளித்து முகச்சவரம் செய்திருந்தார்!

கரையில் காத்தவர்கள்

யானைத் தீவில் 22 பேர் என்ன ஆனார்கள்?

இரண்டு படகுகளைக் கவிழ்த்து, அதற்கு அடியில் அவர்கள் வாழ்ந்தார்கள். பனியில் கால் அழுகிய பிளாக்போரோ என்ற இளைஞரின் இடது கால் விரல்களை டாக்டர்கள் அங்கேயே வெட்டி எடுத்தார்கள். வைல்டு தினமும் காலையில் எல்லோரையும் எழுப்பி, படுக்கையைச் சுருட்டி வைக்கச் சொல்வார். இன்றைக்குத் தலைவர் வரக்கூடும் என்பார். நாள்தோறும் இதே பேச்சு. சிலருக்கு எரிச்சல்கூட வந்தது. ஆனாலும் படுக்கையைச் சுருட்டினார்கள்.

கடலை நம்பிக் காத்திருப்பது எப்படிப்பட்டது என்பதைக் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை கரைகளில் தாய்மாரும் பிள்ளைகளும் நாள் கணக்கில் கடலைப் பார்த்துக் கிடந்தார்கள். பலருடைய வீட்டுக்காரர் வரவே இல்லை.

ஷாக்கிள்டன் ஓய்வெடுக்கவில்லை. வந்த மூன்றாம் நாளே ஒரு வேட்டைக் கப்பலில் புறப்பட்டார். பனிக்கட்டி மறித்தது. உருகுவே அரசாங்கம் கொடுத்த கப்பலில் போனார். தீவு கண்ணுக்குத் தெரிந்தது, நெருங்க முடியவில்லை. 'எம்மா' என்ற பாய்மரக் கப்பலில் மூன்றாம் முறை போனார். அதுவும் திரும்பியது. கவலையில் அவருடைய தலைமயிர் நரைத்தது.

நான்காவதாகச் சிலி நாட்டார் 'எல்சோ' என்ற சிறு நீராவிக் கப்பலைக் கொடுத்தார்கள். பனிக்கடலுக்கு ஏற்ற கப்பலே அல்ல. அதன் தலைவர் லூயி பார்தோ துணிந்து வந்தார். ஆகஸ்டு 30-ந் தேதி, தற்செயலாகப் பனி விலகியிருந்த நேரத்தில், கப்பல் தீவை நெருங்கியது. கரையில் உருவங்கள் ஓடி வந்தன. ஷாக்கிள்டன் விரல் விட்டு எண்ணினார். இருபத்திரண்டு! ஒருவரும் குறையவில்லை. அவர் விட்டுச் சென்று அன்றைக்கு 128 நாள் ஆகியிருந்தது.

கணக்கில் வராதவர்கள்

ஷாக்கிள்டன் ஓர் ஆளைக்கூட இழக்கவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. கண்டத்தின் மறு கரையில், அவர் நடந்து வரும் வழியில் உணவு மூட்டைகளை வைக்க இன்னொரு குழுவை அனுப்பியிருந்தார். அவர்கள் சொன்ன வேலையை முடித்தார்கள். ஆனால் மூன்று பேர் இறந்துபோனார்கள். அவர்கள் வைத்த உணவை உண்ண யாரும் வரவே இல்லை. மிஞ்சிய ஏழு பேரை 1917-ஆம் ஆண்டு ஜனவரியில் ஷாக்கிள்டன் போய் அழைத்து வந்தார்.

இன்னொரு குறையும் உண்டு. குழுவினருக்கு அரசாங்கம் துருவப் பதக்கம் கொடுத்தபோது, நான்கு பேரின் பெயரை அவர் சிபாரிசு செய்யவில்லை. அவர்களில் ஒருவர் மெக்நீஷ். பனிக்கட்டியின் மேல் ஒரு நாள் தலைவரோடு சண்டை போட்டு, நடக்க மறுத்தாராம். ஆனால் அவர் கை வைத்த படகு இல்லாவிட்டால் யார் பிழைத்திருப்பார்கள்? 1930-ஆம் ஆண்டு நியூசிலாந்தில் வறுமையில் இறந்தார் அந்த ஆசாரி.

வீடு திரும்பியவர்களையும் போர் விடவில்லை. சிறு படகில் சிரித்த முகத்தோடு வந்த மெக்கார்த்தி, 1917-ஆம் ஆண்டு கடற்போரில் உயிரிழந்தார்.

ஷாக்கிள்டனுக்குக் கரையில் வாழத் தெரியவில்லை. தொடங்கிய வியாபாரங்கள் தோற்றன. கடன் கழுத்தை நெரித்தது. மனைவி எமிலிதான் மூன்று குழந்தைகளையும் வளர்த்தார். 1921-ஆம் ஆண்டு 'குவெஸ்ட்' என்ற கப்பலில் மீண்டும் தெற்கே கிளம்பினார். சம்பளப் பாக்கி வைத்திருந்தும் வைல்டு, வோர்ஸ்லி முதலிய பழைய தோழர்கள் கூடப் போனார்கள்.

1922-ஆம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி விடியற்காலையில், தெற்கு ஜார்ஜியாவில் நின்ற கப்பலிலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 47. உடலை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அது உருகுவே வரை போயிருந்தபோது, அவரை அந்தத் தீவிலேயே அடக்கம் செய்யும்படி எமிலி சொல்லி அனுப்பினார். மார்ச் 5-ந் தேதி, கிரிட்விக்கன் என்ற இடத்தில், திமிங்கில வேட்டைக்காரர்களின் கல்லறைகளுக்கு நடுவே அடக்கம் செய்தார்கள்.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 2022-ஆம் ஆண்டு அதே மார்ச் 5-ந் தேதி, வெட்டல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில் எண்டூரன்ஸ் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். பின்புறத்தில் அதன் பெயர் அழியாமல் இருந்தது. ஜேம்ஸ் கெயர்டு படகு, ஷாக்கிள்டன் படித்த டல்விச் பள்ளியில் இருக்கிறது.

பிஸ்கட் வாங்கிய வைல்டு 1939-ஆம் ஆண்டு தென் ஆப்பிரிக்காவில் காலமானார். அவருடைய அஸ்தி இருந்த இடம் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2011-ஆம் ஆண்டு அதைத் தேடி எடுத்து, கப்பலில் கொண்டுபோய், கிரிட்விக்கனில் ஷாக்கிள்டன் கல்லறைக்கு வலப்பக்கத்தில் வைத்தார்கள்.